பச்சை பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி. மங்கலாக எரிகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

புற ஊதா விளக்கைக் காட்டினால் பெரோவ்ஸ்கைட் படலம், அதாவது ஈயமும் புரோமைடும் சேர்ந்த ஒளிரும் படிகப் படலம், பச்சைப்பசேலென்று ஒளிர்கிறது. அதையே இரண்டு மின்வாய்களுக்கு நடுவே வைத்து 4 வோல்ட் கொடுத்தால் புறக் குவாண்டம் திறன் (உள்ளே செலுத்திய எலக்ட்ரான்களுக்கு எத்தனை ஒளித்துகள் வெளியே வருகிறது என்ற விகிதம்), அதாவது ஈ.க்யூ.இ., 1 சதவீதத்தைத் தாண்ட மறுக்கிறது. இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வது புதிதாக ஒரு சேர்க்கைப் பொருளை வாங்கிக் கரைசலில் போடுவது. அது பெரும்பாலும் வீண்செலவு. இழப்பு படலத்தில் நடக்கிறதா, மின்னூட்டம் உள்ளே நுழையும் இடத்தில் நடக்கிறதா, உண்டான ஒளி வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் எந்த மருந்தும் வேலை செய்யாது.

2014இல் கேம்பிரிட்ஜ் குழு அறை வெப்பநிலையில் எரியும் பெரோவ்ஸ்கைட் எல்.இ.டி.யை வெளியிட்டபோது பச்சையின் ஈ.க்யூ.இ. வெறும் 0.1 சதவீதம். 2018இல் சீனாவின் ஹுவாச்சியாவ் பல்கலைக்கழகக் குழு 20.3 சதவீதம் எட்டியது. 2022இல் டே-வூ லீயின் சியோல் குழு 28.9 சதவீதத்தையும் சதுர மீட்டருக்கு 4,73,990 கேண்டலா ஒளிர்மையையும் ஒரே வகைச் சாதனத்தில் காட்டியது. ஆகவே உங்கள் 1 சதவீதம் பொருளின் எல்லை அல்ல. எங்கோ ஒழுகுகிறது.

ஒப்பிட ஒரு அடிப்படைச் சாதனம்

கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் இந்த அமைப்பை மனத்தில் வைத்தவை: ஐ.டி.ஓ. கண்ணாடி (ஒளி ஊடுருவும் மின்வாய்), பெடாட்-பி.எஸ்.எஸ். (மின்துளைகளை, அதாவது நேர்மின்னூட்டங்களை, உள்ளே விடும் பாலிமர்) 30 முதல் 40 நானோமீட்டர், பெரோவ்ஸ்கைட் 40 முதல் 60 நானோமீட்டர், டி.பி.பி.ஐ. (எலக்ட்ரான் கடத்தும் அடுக்கு) 40 நானோமீட்டர், லித்தியம் ஃப்ளோரைடு 1 நானோமீட்டர், அலுமினியம் 100 நானோமீட்டர்.

ஒளிரும் அடுக்குக்குக் குவாசி-2டி வகைக் கரைசல்; கரிமச் சுவர்களால் மெல்லிய துண்டுகளாகப் பிரிந்த பெரோவ்ஸ்கைட்டை இது தரும். 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் லெட் புரோமைடு 73.4 மி.கி., சீசியம் புரோமைடு 46.8 மி.கி., பீனெதில் அம்மோனியம் புரோமைடு 16.2 மி.கி. மோல் கணக்கில் இது 0.2, 0.22, 0.08 மில்லிமோல். சீசியம் சற்றே கூடுதலாக இருப்பது வேண்டுமென்றே. புரோமைடு குறைந்தால் உலோக ஈயம் தங்கி ஒளிர்வை அணைத்துவிடும். 2015இல் மெத்தில் அம்மோனியம் புரோமைடை 5 சதவீதம் கூட்டிப் போட்டே லீயின் குழு ஈ.க்யூ.இ.யை 8.53 சதவீதத்துக்கு உயர்த்தியது, காரணம் இதே ஈயம்தான். 18-கிரவுன்-6 ஈதர் 5 மி.கி. சேர்த்தால் படலம் சீராகும். 60 டிகிரி செல்சியஸில் கிளறி, முழுவதும் கரைந்தபின் 0.22 மைக்ரான் பி.டி.எஃப்.இ. வடிகட்டியில் வடிக்கவும். 3000 ஆர்.பி.எம்.மில் 60 நொடி சுழற்றி, 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கவும்.

பெடாட்-பி.எஸ்.எஸ்.ஸில் ஏ.ஐ. 4083 வகையை மட்டும் எடுங்கள். மின்கடத்தல் அதிகமுள்ள பி.எச். 1000 இங்கே உதவாது, பிக்சலுக்குப் பக்கவாட்டில் மின்னோட்டம் ஓடிவிடும். 0.45 மைக்ரான் பி.வி.டி.எஃப். வடிகட்டி, 4000 ஆர்.பி.எம்., 150 டிகிரியில் 15 நிமிடம். சூடு ஆறுவதற்குள் கையுறைப் பெட்டிக்குள் (நைட்ரஜன் நிரப்பிய மூடிய பெட்டி) போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. டி.எம்.எஸ்.ஓ. தோலை ஊடுருவும், தன்னில் கரைந்த ஈயத்தையும் கூட்டிக்கொண்டு போகும். கையுறையில் ஒரு துளி பட்டாலும் உடனே மாற்றுங்கள்.

முதலில் பழுதைப் பிரியுங்கள்

ஈ.க்யூ.இ. என்பது மூன்றின் பெருக்கம். நுழைந்த எலக்ட்ரானும் மின்துளையும் எவ்வளவு சமமாகச் சந்திக்கின்றன, சந்தித்தவற்றில் எத்தனை ஒளியாகின்றன, அந்த ஒளியில் எவ்வளவு வெளியே தப்புகிறது. தட்டையான சாதனத்தில் கடைசிப் பங்கு ஏறத்தாழ 20 சதவீதம். படலத்தின் ஒளிர்வுக் குவாண்டம் விளைச்சல், அதாவது பி.எல்.க்யூ.ஒய்., 70 சதவீதம் என்றால் உங்கள் உச்சவரம்பு சுமார் 14. கையில் 12 வந்தால் மின்னூட்டச் சமன் நன்றாகவே இருக்கிறது, இனி படலத்தையோ ஒளி வெளியேற்றத்தையோதான் தொட வேண்டும். கையில் 3 வந்தால் படலத்தை மெருகேற்றுவதில் பயனில்லை.

ஆனால் கண்ணாடிமேல் அளந்த பி.எல்.க்யூ.ஒய்.யை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. ஒரே நாளில், ஒரே கரைசலில் மூன்று மாதிரிகள் செய்யுங்கள்: வெறும் கண்ணாடிமேல் படலம், பெடாட்மேல் படலம், பெடாட்மேல் படலம் போட்டு அதன்மேல் டி.பி.பி.ஐ. மூன்றையும் ஒரே தூண்டல் ஒளியில் அளக்கவும். ஒருங்கிணைப்புக் கோளம் (எல்லாத் திசை ஒளியையும் சேர்த்து அளக்கும் கருவி) இல்லாவிட்டாலும் 365 நானோமீட்டர் விளக்கும் சிறிய நிறமாலைமானியும் போதும், ஒப்பீடுதான் முக்கியம். முதல் மாதிரியே மங்கலென்றால் வேதியியல் கோளாறு. முதலாவது பிரகாசம், இரண்டாவது மங்கல் என்றால் அடியடுக்கு ஒளியை அணைக்கிறது. மூன்றாவதில்தான் விழுகிறதென்றால் மேற்பரப்பில் மூடப்படாத ஈய அயனிகள் இருக்கின்றன, அல்லது ஆவிப்படிவின்போது படலம் அடிவாங்கியிருக்கிறது. கூடவே உட்கவர் நிறமாலையும் எடுத்துவிடுங்கள். அடியடுக்கு மாறும்போது படலத்தின் தடிமனே மாறிப்போவது உண்டு, அதை அணைப்பு என்று தவறாகப் படிக்கக் கூடாது.

அறிகுறி: படலம் பால்போல வெளுத்திருக்கிறது, ஒளிர்வு திட்டுத்திட்டாக இருக்கிறது

படிகங்கள் மிகக் குறைவான இடங்களில் முளைத்துப் பெரிதாக வளர்ந்துவிட்டன. கரைசலைப் பாருங்கள். சீசியம் புரோமைடு டி.எம்.எஸ்.ஓ.வில் மெதுவாகத்தான் கரையும், குப்பியின் அடியில் வெண்பொடி தெரிந்தால் விகிதமே மாறிவிட்டது. அந்தக் கரைசலை வடிகட்டிப் பயன்படுத்துவது இன்னும் மோசம், சீசியத்தை எடையிட்டுப் போட்டு வடிகட்டியில் விட்டுவிடுகிறீர்கள்.

கரைசல் தெளிவாக இருந்தும் வெளுத்தால் எதிர்க்கரைப்பான் (படிகங்கள் சட்டென முளைக்கச் சுழலும்போது துளிக்கும் திரவம்) துளிக்கும் நேரம் தவறு. நேரத்தை யாருடைய கட்டுரையிலிருந்தும் எடுக்க வேண்டாம், உங்கள் பெட்டியின் வெப்பநிலையும் காற்றோட்டமும் வேறு. எதிர்க்கரைப்பான் இல்லாமல் ஒரு தகட்டைச் சுழற்றி, படலம் தானாக நிறம் மாறத் தொடங்கும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு 3 முதல் 5 நொடி முன்னால் துளித்தால் சரியாக இருக்கும். 150 மைக்ரோலிட்டர் போதும், ஒரே மூச்சில், நடுமையத்தில். குளோரோபென்சீனைவிட எத்தில் அசிட்டேட் பாதுகாப்பானது. அடியில் பாலி-டி.பி.டி. போன்ற பாலிமர் இருந்தால், ஊசித்துளை வழியாக இறங்கும் குளோரோபென்சீன் அதைக் கரைத்துவிடும்.

காலையில் நல்ல படலம், மாலையில் கெட்ட படலம் என்றால் பெட்டிக்குள் டி.எம்.எஸ்.ஓ. ஆவி தேங்கியிருக்கிறது. ஆக்சிஜனும் ஈரமும் 1 பி.பி.எம்.முக்குக் கீழே என்று மானி காட்டினாலும் அது கரைப்பான் ஆவியைக் காட்டாது. நைட்ரஜனை 10 நிமிடம் ஊதிவிட்டுத் தொடருங்கள்.

அறிகுறி: 1 வோல்ட்டிலேயே மின்னோட்டம் எகிறுகிறது, வெளிச்சம் இல்லை

குறுக்குச்சுற்று. பச்சை எரியத் தொடங்க 2.4 வோல்ட் அளவாவது வேண்டும், அதற்குக் கீழே ஓடும் மின்னோட்டம் முழுக்கக் கசிவுதான். 1.5 வோல்ட்டில் சதுர செ.மீ.க்கு 10⁻⁴ மில்லி ஆம்பியர் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நல்ல படலம். 10⁻²ஐத் தாண்டினால் ஊசித்துளை வழியே டி.பி.பி.ஐ. நேராகப் பெடாட்டைத் தொடுகிறது.

எல்லாப் பிக்சலிலும் கசிவா, சிலவற்றில் மட்டுமா என்று எண்ணுங்கள். எல்லாவற்றிலும் என்றால் படலம். சிலவற்றில் மட்டும் என்றால் தூசி, ஐ.டி.ஓ. விளிம்பின் கூர்முனை, அல்லது அளவி ஊசி அலுமினியத்தைக் குத்திக் கீழே இறங்கியது. பிக்சலுக்கு மேலேயே ஊசியை வைக்காமல், ஐ.டி.ஓ. அரித்து நீக்கப்பட்ட பகுதிமேல் நீளும் அலுமினியத்தில் வையுங்கள். பாதிக் கசிவுப் புகார்கள் இதிலேயே முடிந்துவிடும்.

அறிகுறி: கசிவு இல்லை, மின்னோட்டம் ஓடுகிறது, ஆனால் ஒளி சொற்பம்

இதுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கும் கோளாறு, காரணம் பெரும்பாலும் அடியடுக்கு. பெடாட்-பி.எஸ்.எஸ்.ஸில் மூன்று குறைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அதன் வேலைச் சார்பு (ஓர் எலக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவையான ஆற்றல்) 5.0 முதல் 5.2 எலக்ட்ரான் வோல்ட், புரோமைடு பெரோவ்ஸ்கைட்டின் இணைதிறப் பட்டையோ 5.8 அருகில். இடையில் உள்ள படியை மின்துளைகள் ஏற வேண்டியிருக்கிறது. அது கடும் அமிலம் வேறு, ஐ.டி.ஓ.வை அரித்து இண்டியத்தை மேலே அனுப்புகிறது. போதாததற்கு, கடத்தும் பெடாட் சங்கிலி தன்னை ஒட்டி உண்டாகும் எக்சிட்டான்களை (பிணைந்த எலக்ட்ரான்-மின்துளை இணைகளை) ஒளியில்லாமல் விழுங்குகிறது. பெரோவ்ஸ்கைட்டே 50 நானோமீட்டர்தான் என்னும்போது ஒட்டிய பகுதி என்பது கணிசமான பங்கு.

செலவு குறைந்த தீர்விலிருந்து தொடங்குவோம். பெடாட் கரைசலில் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்டின் சோடியம் உப்பைக் கலந்தால் அமிலம் தணியும், மேற்பரப்பில் கடத்தும் சங்கிலியும் குறையும். அடுத்தது பெர்ஃப்ளூரினேட்டட் அயனோமர் கலப்பது. அது உலரும்போது தானாக மேலே மிதந்து வந்து மேற்பரப்பு வேலைச் சார்பை 5.9 எலக்ட்ரான் வோல்ட் அருகே கொண்டுபோகும், அணைப்பையும் தடுக்கும். லீ குழுவின் ஆரம்பகாலச் சாதனங்களின் இரகசியத்தில் பாதி இந்த அடுக்கு. ஆனால் கூடுதலாகப் போட்டால் நீர் ஒட்டாத பரப்பாகிக் கரைசல் வழுக்கி ஓடும்.

மூன்றாவது வழி பெடாட்மேல் பி.வி.கே. அல்லது பாலி-டி.பி.டி. என்ற மின்துளை கடத்தும் பாலிமரை இடுவது. குளோரோபென்சீனில் 4 முதல் 6 மி.கி./மி.லி., 3000 ஆர்.பி.எம்., 120 முதல் 150 டிகிரி. இங்கே புதிய தொல்லை முளைக்கும்: டி.எம்.எஸ்.ஓ. கரைசல் பாலி-டி.பி.டி.மேல் தாமரை இலைத் தண்ணீர்தான். ஐசோபுரொப்பனாலில் 1 முதல் 2 மி.கி./மி.லி. கரைத்த பி.வி.பி. என்ற பாலிமரை மெல்லிதாக இட்டால் பரவும். பிளாஸ்மாவும் பரவச் செய்யும், ஆனால் சில நொடிக்கு மேல் போனால் பாலிமரின் மேற்பரப்பே ஆக்சிஜனேற்றமாகி, நீக்க வந்த இடைமுகக் குறையை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. எலக்ட்ரான்கள் அளவுக்கு மிஞ்சி வருகின்றனவா என்று பார்க்க டி.பி.பி.ஐ.யை 30, 40, 50, 60 நானோமீட்டர் எனப் போட்டு ஒப்பிடுவது வழக்கம். தடிமன் கூடக்கூடத் திறன் ஏறினால் எலக்ட்ரான் மிகுதி என்று முடிவு கட்டுவார்கள். அவசரம் வேண்டாம். அலுமினியம் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கிறது, ஒளிரும் இடத்துக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரம் மாறினால் குறுக்கீட்டால் வெளியேறும் ஒளியே மாறும். பச்சைக்கு அந்தத் தூரம் 50 முதல் 60 நானோமீட்டர் அருகில் சாதகமாக அமையும், மின்னூட்டச் சமனில் எந்த மாற்றமும் இல்லாமலேயே. நிறமாலையின் வடிவமும் கோணப் பரவலும் மாறுகின்றனவா என்று சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம்.

மூன்று மாதிரிச் சோதனையில் டி.பி.பி.ஐ. போட்டதும் ஒளிர்வு விழுந்திருந்தால் பாஸ்பீன் ஆக்சைடு வகை மூலக்கூறுகள் நல்ல பலன் தரும். அவற்றின் ஆக்சிஜன் மூடப்படாத ஈயத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்த வகையைச் சேர்ந்த டி.எஸ்.பி.ஓ.1ஐ 1 முதல் 2 நானோமீட்டர் ஆவிப்படிவாக இடலாம், கரைப்பான் தேவையில்லை என்பதால் படலத்துக்கு ஊறு இல்லை. 2020இல் சீனக் குழு ஒன்று நானோபடிகப் படலத்தின் மேலும் கீழும் இதை இட்டு ஈ.க்யூ.இ.யை 7.7இலிருந்து 18.7 சதவீதமாக்கியது. 5 நானோமீட்டருக்கு மேல் போனால் மின்தடை ஏறும்.

அறிகுறி: எரியத் தொடங்கவே 4 வோல்ட் கேட்கிறது

520 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 2.4 எலக்ட்ரான் வோல்ட். சதுர மீட்டருக்கு 1 கேண்டலா எட்டும் வோல்ட்டேஜ் 2.5 முதல் 3க்குள் வர வேண்டும். கூடினால் முதல் குற்றவாளி லித்தியம் ஃப்ளோரைடு. 1 நானோமீட்டர் என்று குவார்ட்சுத் தடிமன்மானி சொல்வது, அளவுத்திருத்தக் காரணி சரியாக இருந்தால்தான் உண்மை. 30 நானோமீட்டர் தனியே படியவிட்டு வேறு கருவியில் அளந்து காரணியைத் திருத்துங்கள். 2 நானோமீட்டரைத் தாண்டினால் அது காப்புப் பொருள்போல நடந்துகொள்ளும். படிவு வேகம் நொடிக்கு 0.01 முதல் 0.02 நானோமீட்டர், வெற்றிடம் 4×10⁻⁴ பாஸ்கலுக்குக் கீழ்.

அடுத்து, பீனெதில் அம்மோனியம் அளவு. அது மின்கடத்தாத கரிமச் சுவர். லெட் புரோமைடில் 40 மோல் சதவீதத்திலிருந்து 60க்குப் போனால் பி.எல்.க்யூ.ஒய். அழகாக ஏறும், வோல்ட்டேஜும் கூடவே ஏறும். மின்னோட்டமே போகாத பிரகாசமான படலத்தால் விளக்குக்கு என்ன பயன்?

அறிகுறி: நிறமாலையில் வேண்டாத உச்சிகள்

எந்த இடத்தில் வருகிறது என்பதே விடை. 380 முதல் 400 நானோமீட்டரில் என்றால் டி.பி.பி.ஐ. ஒளிர்கிறது, மின்துளைகள் பெரோவ்ஸ்கைட்டைத் தாண்டிப் போய்விட்டன. 410 அருகில் பி.வி.கே., 420 முதல் 430இல் பாலி-டி.பி.டி.; இவை வந்தால் எலக்ட்ரான்கள் எதிர்ப்பக்கம் நுழைகின்றன. எதுவானாலும் முதலில் ஊசித்துளையைச் சந்தேகப்படுங்கள், சமனிலைக் குறையைப் பிறகு பார்க்கலாம். கண்ணுக்கு எளிதில் தெரியாத உச்சிகள் இவை, நிறமாலைமானி 350 நானோமீட்டரிலிருந்தே அளக்கட்டும்.

உட்கவர் நிறமாலையில் 403, 434, 465 நானோமீட்டர் அருகே தெரியும் கூர்மையான மேடுகள் வேறு கதை. அவை முறையே ஓரடுக்கு, ஈரடுக்கு, மூவடுக்கு பெரோவ்ஸ்கைட் துண்டுகள். ஈரடுக்கும் மூவடுக்கும் சிறிதளவு இருந்தால் கேடில்லை, ஆற்றலைப் பெரிய துண்டுகளுக்குக் கடத்திவிடும். 403 மேடு பெரிதாக இருந்தால்தான் ஆபத்து, அந்த ஓரடுக்குத் துண்டு ஒளியில்லாமல் ஆற்றலைக் கரைக்கும். கிரவுன் ஈதரைக் கூட்டுவது, பீனெதில் அளவை 30 மோல் சதவீதத்துக்கு இறக்குவது, எதிர்க்கரைப்பானில் பாஸ்பீன் ஆக்சைடு கலப்பது என்று இதே வரிசையில் முயலுங்கள்.

நீலத்துக்காகக் குளோரைடு கலந்தவர்களுக்கு ஒரு வரி: எரிய எரிய நிறம் பச்சைப் பக்கம் நகர்ந்தால் ஹாலைடுகள் பிரிகின்றன. குளோரைடைக் குறைத்து, அடுக்கு எண்ணிக்கையைக் குறைப்பதன் மூலம் நீலத்துக்குப் போவதே நிலையான பாதை.

அறிகுறி: ஈ.க்யூ.இ. உச்சி மிகத் தாமதமாக வருகிறது

குறைந்த மின்னோட்டத்தில் திறன் கிடையாது, சதுர செ.மீ.க்குப் பல பத்து மில்லி ஆம்பியர் போன பிறகே ஏறுகிறது. மின்னூட்டங்கள் முதலில் பொறிகளை (மின்னூட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் படிகக் குறைகளை) நிரப்புகின்றன, நிரம்பிய பிறகுதான் ஒளி. பொறியில் விழுவது மின்னூட்ட அடர்த்திக்கு நேர் விகிதம், ஒளி தருவது அடர்த்தியின் வர்க்கத்துக்கு விகிதம், அதனால் கூட்டம் கூடினால் ஒளி வெல்கிறது. தூண்டல் ஒளியின் செறிவைக் கூட்டிக்கொண்டே பி.எல்.க்யூ.ஒய். அளந்தாலும் இதே ஏற்றம் தெரிந்தால் பொறி உறுதி. பி.எல்.க்யூ.ஒய். தட்டையாக இருந்து ஈ.க்யூ.இ. மட்டும் தாமதமாக ஏறினால் அது கசிவு மின்னோட்டம்.

அறிகுறி: மின்னோட்டத்தைக் கூட்டினால் திறன் சரிகிறது

உயர் ஒளிர்மையைத் துரத்துபவர்களின் தலைவலி. மூன்று காரணங்கள் ஒன்றாக வேலை செய்யும், தனித்தனியே பிரிக்கத் துடிப்பு மின்னோட்டம் வேண்டும்.

ஒரு பிக்சலை வழக்கமான நேர்மின்னோட்டத்தில் அளந்துவிட்டு, அதே போன்ற இன்னொன்றை 5 மைக்ரோநொடித் துடிப்பில், 1 சதவீதத்துக்கும் குறைவான எரிநேரத்தில் அளக்கவும். பிக்சல் பெரிதாக இருந்தால் மின்தேக்கம் நிரம்பவே நேரம் போய்விடும். 4 சதுர மி.மீ. அளவென்றால் சிக்கல் இல்லை. துடிப்பில் சரிவு காணாமல் போனால் வெப்பம்தான் காரணம். சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியர், 8 வோல்ட் என்றால் 8 வாட் சூடு. கண்ணாடி அதைக் கடத்தாது, அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 1 வாட் அளவே. நீலக்கல் 30க்கு மேல், சிலிக்கான் 150 அருகில். பிக்சலைச் சிறிதாக்குவது எல்லாவற்றையும்விட மலிவு. அகலத்தைக் குறைத்த கோடு வடிவப் பிக்சலில் சூடு பக்கவாட்டில் பிரிந்து போகும்.

துடிப்பிலும் சரிவு அப்படியே இருந்தால் ஆஜே மறுசேர்க்கை. ஒரு எலக்ட்ரானும் மின்துளையும் சேர்ந்து விடும் ஆற்றலை மூன்றாவது மின்னூட்டம் வாங்கிக்கொண்டு வெப்பமாக்குகிறது. வேகம் அடர்த்தியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். குவாசி-2டி படலத்தின் பலமே இங்கே பலவீனமாகிறது. சிறு துண்டுகளில் விழும் ஆற்றல் எல்லாம் ஒரு நானோநொடிக்குள் பெரிய துண்டுகளில் போய்க் குவிகிறது. குறைந்த மின்னோட்டத்தில் அந்தக் குவிப்பு பொறிகளை வெல்ல உதவியது. அதிக மின்னோட்டத்தில் அதே குவிப்பு நெரிசலாகிறது. கரிமச் சுவருக்குள் எலக்ட்ரானும் மின்துளையும் இறுக்கமாக அடைபட்டிருப்பதும் ஆஜேயை வளர்க்கும். ஆகவே உச்ச ஈ.க்யூ.இ.க்காக ஏற்றிய கலவையும் உச்ச ஒளிர்மைக்கான கலவையும் ஒன்றாக இருக்காது. 1000 கேண்டலா திரைக்கு 40 மோல் சதவீதப் பீனெதில் சரி. லட்சம் கேண்டலா வேண்டுமென்றால் 10 முதல் 20க்கு இறக்கி, இழந்த பொறி மூடலை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். சியோல் குழு 2022இல் செய்தது அதுதான்: முப்பரிமாணப் படலத்தைப் பென்சைல் பாஸ்போனிக் அமிலத்தில் நனைத்து, பெரிய படிகங்களை அங்கேயே 10 நானோமீட்டர் அளவுத் துகள்களாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் அந்த அமிலமே உறைபோலச் சுற்றிக்கொள்ளச் செய்தார்கள். இரு துகளுக்கு நடுவே தடித்த கரிமச் சுவர் இல்லாததால் மின்னோட்டம் தடைபடவில்லை.

துடிப்பில் பாதி மீண்டு பாதி மீளாவிட்டால் மின்னூட்டச் சமன் வோல்ட்டேஜோடு மாறுகிறது. 6 வோல்ட்டுக்கு மேல் நிறமாலையில் டி.பி.பி.ஐ. உச்சி தலைகாட்டுகிறதா என்று பாருங்கள், அதுவே சாட்சி.

அறிகுறி: அளக்கும்போதே மங்குகிறது

அணைத்து, இருட்டில் ஒரு மணி நேரம் விட்டு, மீண்டும் அளக்கவும். பெரும்பகுதி திரும்பி வந்தால் அயனிகள் நகர்ந்து திரும்பியிருக்கின்றன. வராவிட்டால் வேதிச் சிதைவு: புரோமைடு டி.பி.பி.ஐ. வழியாகப் போய் அலுமினியத்தை அரித்துவிட்டது. முதல் ஓட்டத்தைவிட இரண்டாவது ஓட்டத்தில் திறன் கூடுவதும் அயனி நகர்வுதான், மகிழ வேண்டாம். வோல்ட்டேஜை ஏற்றியும் இறக்கியும் இரு திசையிலும் அளந்து, இரண்டையும் பதிவு செய்யுங்கள். மெத்தில் அம்மோனியம் இருந்தால் சீசியத்துக்கோ ஃபார்மமிடினியத்துக்கோ மாறுவது, கூடுதல் புரோமைடை 10இலிருந்து 5 சதவீதத்துக்கு இறக்குவது, இரண்டும் உதவும்.

ஆயுளை ஒப்பிடும்போது தொடக்க ஒளிர்மையைச் சேர்த்தே சொல்லுங்கள். 2022இன் சியோல் சாதனம் 1000 கேண்டலாவில் 520 மணி நேரத்தில் பாதியானது. 100 கேண்டலாவில் 30,000 மணி என்பது மதிப்பீடு. ஒளிர்மையையும் ஆயுளையும் இணைக்கும் அடுக்குக்குறி இங்கே 1.76. அந்த எண்ணை வேறு கலவைக்கு எடுத்துப் போட்டு ஆயுள் கணக்கிடுவது தவறு.

அறிகுறி: கரும்புள்ளி, வளையம், வால்நட்சத்திரக் கீற்று

மின்சாரம் கொடுக்காமல் வைத்திருக்கும்போதே புள்ளி வளர்ந்தால் ஈரம் நுழைகிறது; மூடுகண்ணாடியின் பசையையும் உள்ளே ஈரமுறிஞ்சி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எரியும்போது மட்டும் வளர்ந்தால் தூசி. கீற்று என்றால் வடிகட்டவில்லை. வளையம் என்றால் எதிர்க்கரைப்பான் மையம் தப்பியது. ஒரு ஓரம் மட்டும் பிரகாசம் என்றால் ஐ.டி.ஓ.வின் தடை, சதுரத்துக்கு 15 ஓமுக்குக் கீழே உள்ளதை வாங்குங்கள்.

அறிகுறி: எண் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

இதையும் கோளாறாகவே நடத்துங்கள். 520 நானோமீட்டரில் எல்லாத் திசையிலும் சீராகப் பரவும் ஒளிக்கு 1 சதவீத ஈ.க்யூ.இ. என்பது ஆம்பியருக்குச் சுமார் 3.7 கேண்டலா. 530இல் 4.4. ஆக 520இல் 10 சதவீதம் என்று சொல்லும் சாதனம் 1000 கேண்டலாவுக்குச் சதுர செ.மீ.க்கு 2.7 மில்லி ஆம்பியர் எடுக்க வேண்டும். உங்கள் எண்கள் இதில் பொருந்தாவிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

பிக்சல் பரப்பு: முகமூடி வழியே அலுமினியம் விரிந்து படிந்திருந்தால் எரியும் பரப்பு வரைபடத்தில் உள்ளதைவிடப் பெரிது, நுண்ணோக்கியில் எரியவைத்தே அளக்கவும். ஒளிர்மைமானி: பெரோவ்ஸ்கைட்டின் உச்சி 20 நானோமீட்டர்தான் அகலம், மானியின் வடிகட்டி கண்ணின் உணர்வு வளைவோடு அந்த இடத்தில் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் பிழை முழுதாக உள்ளே வரும், நிறமாலைமானியை வைத்துத் திருத்துங்கள். கடைசியாக ஓரக் கசிவு: ஒருங்கிணைப்புக் கோளத்துக்குள் சாதனத்தை முழுதாக வைத்தால் கண்ணாடியின் ஓரத்தில் சிக்கியிருந்த ஒளியும் கணக்கில் சேரும். கண்ணாடியின் நான்கு ஓரங்களையும் கறுப்புப் பூச்சால் மூடி, முன்முகம் மட்டும் கோளத்தின் வாயைப் பார்க்க வைத்து அளந்ததே உங்கள் ஈ.க்யூ.இ.